பிறக்காதவர் பங்கு

மொட்டைப்பாறை,
திருமுடிவாக்கம் வழி, தாம்பரம்.
12-3-1983

அன்பு மச்சான் காஜாவுக்கு,

ஜெயவேலு சொல்லச் சொல்ல, பால்வாடி டீச்சர் ஞானம்மாள் எழுதும் கடிதம். நான் பேசுவதை அப்படியே எழுதுங்கள் என்றால், "அப்படியே எழுதினா குவைத்துல தபால்காரன்கூட சிரிப்பான்" என்று திருத்தித் திருத்தி எழுதுகிறார். அதனால் இந்தக் காகிதத்தில் நான் கொஞ்சம் படித்தவன் மாதிரித் தெரிவேன். ஏமாந்துவிடாதே.

உன் வீட்டில் குல்ஷன் தங்கச்சி சுகம். என் வீட்டுக்காரி அஞ்சம்மாளும் அதுவும் சேர்ந்து பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய் ஒரு வான்கோழியை வாங்கி வந்துவிட்டார்கள். நாலு மணிக்குக் குவாரியில் வெடி வைத்தால் போதும், அந்த வான்கோழி பதிலுக்குப் பதில் கத்துகிறது. வெடிக்கு முன்னால் விசில் ஊதுகிற அரிகிருஷ்ணன், "எனக்குப் பதிலா அத்த வேலைக்கு வெச்சிக்கோ மேஸ்திரி, சம்பளமும் மிச்சம்" என்று என்னிடம் சொல்கிறான். எங்கே விட்டேன்? ஆமாம், குவாரி.

நீ இங்கே கல் லாரி ஓட்டின காலத்தில் ஒரு நாளைக்கு ஏழெட்டு லோடு. இப்போது அறுபது போகிறது. ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், எங்கே பார்த்தாலும் வீடு கட்டக் கடைக்கால் தோண்டுகிறார்கள். எல்லாவற்றுக்கும் நம் பாறையின் ஜல்லிதான். லோடுக்கு இவ்வளவு என்று குவாரிக்காரர் ஊருக்கு மகமை கொடுக்கிறாரே, அது முன்பெல்லாம் ஆடி மாதக் கூழுக்கும் மேளத்துக்கும் சரியாகப் போகும். இப்போது கூழ் ஊற்றி, மேளம் வைத்து, வாண வேடிக்கை விட்டும் மிஞ்சுகிறது. குவாரி வழியில் முதல் வீடு என்னுடையது என்பதால் மகமை டப்பா என்னிடம்தான். வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடு என்று ஊர்ப் பெரியவர் சம்பத் நிற்கிறார். மைக் செட் வாங்கு என்று நாலு பேர் நிற்கிறார்கள். யார் சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லவும் தெரியவில்லை. நீ கடல் தாண்டிப் போனவன். நீ சொல்.

உன்
ஜெயவேலு


குவைத்
20-5-1983

மச்சான் ஜெயவேலுவுக்கு,

காஜா சலாம் சொல்லி எழுதுகிறேன். வான்கோழி கதையை வண்டியில் படித்துச் சிரித்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் முதலாளி என்னவோ என்று எட்டிப் பார்த்தார். அவர் பெயர் அபு சாலிம். அரசாங்கத்தில் பணம் பார்க்கிற ஆபீசில் பெரிய ஆள். பம்பாயில் கொஞ்ச நாள் இருந்தவர், என்னோடு இந்துஸ்தானியில் பேசுவார்.

ஒரு நாள் எண்ணெய்க் கப்பல் நிற்கிற துறைமுகம் பக்கம் போகும்போது கேட்டேன். "சாப், கப்பல் கப்பலா போவுதே, ஒரு நாள் தீர்ந்து போச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?" கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. வருகிற பணத்தில் நூற்றுக்குப் பத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறார்களாம். யாரும் தொடக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாம். அதை வைத்து வெளிநாடுகளில் கட்டடமாக, கம்பெனியாக வாங்கிப் போடுகிறார்கள். எண்ணெய் தீர்ந்த பிறகும் அந்த வரும்படி வந்துகொண்டே இருக்கும். "யாருக்கு சாப்?" என்றேன். அரபியில் ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு விளங்கியவரை, இன்னும் பிறக்காதவர்களுக்கு.

மச்சான், இங்கே எண்ணெய் மண்ணுக்கு அடியில். நமக்குப் பாறை மண்ணுக்கு மேலே. வேறு வித்தியாசம் இல்லை. இரண்டையும் ஒரு தடவைதான் விற்க முடியும், மறுபடி முளைக்காது. பிரித்துக் கொடுத்தால் ஒரே தீபாவளியில் போய்விடும். மிஞ்சுவதைப் பேங்கில் போடு. முதலைத் தொடாதே. வட்டியை மட்டும் எடுத்துக் கிணற்றை ஆழப்படுத்து, மரம் வை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டு. பாறை போனாலும் அது நிற்கும்.

இன்னொன்று. அதற்கு ஒரு பேர் வை. "பொறக்காதவங்க பங்கு" என்று வை. பேர் இருந்தால்தான் கை வைக்கிறவனுக்குக் கூச்சம் வரும்.

குல்ஷனைப் பார்த்துக்கொள்.

காஜா


மொட்டைப்பாறை
4-9-1983

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதத்தைக் கிரஷர் கொட்டகையில் ஊரைக் கூட்டி ஞானம்மாள் டீச்சர் இரண்டு தடவை படித்தார். முடிந்ததும் சம்பத் எழுந்தார். "பொறக்காதவனுக்கு இன்னாத்துக்குய்யா துட்டு? அவன் இன்னா டீ குடிக்கப் போறானா?" எல்லோரும் சிரித்தார்கள். அங்காளம்மாள் அக்கா, "பொறந்ததே இங்க கஞ்சிக்கு அழுவுது. காஜா அங்க கார்ல போய்கினு நமக்கு புத்தி சொல்றானா?" என்றாள்.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது, தெரியுமே. ஆனாலும் எழுந்துவிட்டேன். எங்கப்பா காலத்தில் சாயங்காலம் பாறையின் நிழல் ஏரி வரைக்கும் போகும். மாடுகள் அந்த நிழலிலேயே நடந்து தண்ணீருக்குப் போகும். நேற்று நானே போய் நின்று பார்த்தேன். நிழல் ரோட்டோடு நின்றுவிட்டது. "நிழலும் லாரில ஏறிப் போயிகினு கீதுடா. அத்த யாருக்கு வித்தோம்னு நாளைக்குக் கேட்டா இன்னா சொல்லுவோம்?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. சம்பத்தே, "சரி, பேங்குல போடு" என்றார்.

தாம்பரத்தில் பேங்கு மேனேஜர் பணம் யாருக்கு, வயது என்ன என்று கேட்டார். "இன்னும் பொறக்கல சார்" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். கடைசியில் ஊர் பெயரில் போட்டோம். எடுக்க வேண்டுமென்றால் சம்பத், அரிகிருஷ்ணன் கையெழுத்தும் என் கைநாட்டும் வேண்டும். ஊரில் அதை யாரும் பேங்கு பணம் என்று சொல்வதில்லை. நீ வைத்த பேர்தான். குழந்தைகள்கூட "பொறக்காதவங்க பங்கு" என்றுதான் சொல்கின்றன.

முதல் வட்டி வந்ததும் கிணற்றில் தூர் வாரப் போகிறோம். வான்கோழி செத்துவிட்டது. அதைத் தனியாக எழுதுகிறேன், பெரிய கதை.

உன்
ஜெயவேலு


குவைத்
9-1-1985

மச்சான்,

போன வருஷம் லீவில் வந்தபோது கிணற்றையும் வேப்பங்கன்றுகளையும் என்னிடம் காட்டினாயே, அதை அபு சாலிமிடம் சொன்னேன். "உன் ஊரில் என்னைப் போல ஒருவன் இருக்கிறானா?" என்று கேட்டார். இருக்கிறான், ஆனால் கைநாட்டு என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

இதற்கு மேல் எழுதுவது உனக்கு மட்டும். ஞானம்மாள் டீச்சர் மன்னிக்கவும், குல்ஷன் காதில் போட வேண்டாம். அபு சாலிம் வேலை மாறிப் போய்விட்டார். புது இடத்தில் மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. வரும் என்கிறார்கள். குல்ஷனுக்கு இது எட்டாவது மாதம். அவள் தாயை ஆம்பூரிலிருந்து வரச் சொல்லியிருக்கிறேன். அது வரைக்கும் நீயும் அஞ்சம்மாள் தங்கச்சியும்தான் எனக்கு.

காஜா


மொட்டைப்பாறை
2-3-1985

அன்பு மச்சானுக்கு,

உனக்கு மகள் பிறந்திருக்கிறாள்! தாம்பரம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம். உன் மாமியார்தான் ஜஹீரா என்று பெயர் வைத்தார்கள். அழுகிற சத்தத்தைக் கேட்டால் நாலு மணி வெடி தோற்றுவிடும். செலவைப் பற்றி நீ நினைக்காதே, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. உன் மகள் தன் பங்கோடுதான் பிறந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்.

உடம்பு தேறும் வரை தங்கச்சியை ஆம்பூருக்கு அழைத்துப் போகிறார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியை அஞ்சம்மாளிடம் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்து காற்றுக் காட்டுகிறோம்.

உன்
ஜெயவேலு


மொட்டைப்பாறை
15-2-1987

அன்பு மச்சானுக்கு,

ரொம்ப நாளாக எழுதவில்லை. எழுதினால் இதைச் சொல்ல வேண்டுமே என்றுதான் எழுதவில்லை.

போன வருஷம் சித்திரையில் அங்காளம்மாள் அக்கா பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பதினாறு நாள் குழந்தை. என் எதிரில் துணியோடு நீட்டி, "பொறக்காதவங்க பங்குன்னு சேத்து வெச்சீங்களே, இதோ பொறந்துட்டான். அவன் பங்க எடு" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். விளையாடவில்லை. இல்லை அக்கா, அது அப்படி இல்லை என்றேன். "ஒருத்தருக்கு எடுத்துக் குடுத்தீங்க இல்ல? அது மட்டும் ஒசந்த வவுறா?" என்றாள். சம்பத்தையும் அரிகிருஷ்ணனையும் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போனேன். கொடுத்தோம்.

அதற்குப் பிறகு பேர் வைக்கிற வீட்டிலிருந்து நேராக என் வீட்டுக்கு வருகிறார்கள். எப்போதோ செம்பாக்கத்துக்குக் குடி போனவர்கள்கூடப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். போன மாதம் கல்யாணம் ஆகி ஒரு வாரம்கூட ஆகாத ஜோடி வந்து நிற்கிறது. உங்களுக்கு இன்னும் பிறக்கவே இல்லையே என்றால், "அதான் மேஸ்திரி, எங்குளுதுதான் கரீட்டா பொறக்காதது" என்கிறான் மாப்பிள்ளை. சிரிக்கிறதா அழுகிறதா சொல். பாதிக்கு மேல் போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்குக் கடைக்கால் போட்டதோடு நிற்கிறது.

என்ன சொன்னால் நிற்பார்கள்? எழுது.

உன்
ஜெயவேலு


குவைத்
11-4-1987

ஜெயவேலுவுக்கு,

உன் கடிதத்தை வண்டியிலேயே இரண்டு தடவை படித்தேன்.

தப்பு என்னிடமும் இருக்கிறது. அபு சாலிம் அன்று சொன்ன வார்த்தை "அஜ்யால்". இப்போதுதான் தெரிந்தவரிடம் கேட்டேன். தலைமுறைகள் என்று அர்த்தமாம், வந்துகொண்டே இருக்கிற தலைமுறைகள். நான் அரைகுறையாகப் "பிறக்காதவர்" என்று எழுதிவிட்டேன். பிறந்ததும் வாங்கிக்கொண்டு போவதற்கு அது கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையா? பிறந்துவிட்டால் அவனும் நம்மைப் போலக் காவல்காரன். இதை ஊரைக் கூட்டிச் சொல்.

ஆனால் மச்சான், "ஒருத்தருக்கு எடுத்துக் கொடுத்தீர்கள்" என்று அங்காளம்மாள் அக்கா சொன்னாளே, அது யார்? முதலில் யாருக்குக் கொடுத்தாய்? அதை மட்டும் நீ எழுதவே இல்லை. முதல் ஆளுக்குக் கொடுத்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது. யார் அது?

காஜா


ஆம்பூர்
20-1-1991

ஜெயவேலுவுக்கு,

நான் கேட்டு நாலு வருஷம் ஆகிறது. பதில் இல்லை.

குவைத்தை ஈராக்காரன் பிடித்துக்கொண்ட கதை உனக்குத் தெரிந்திருக்கும். உடுத்தின துணியோடு பாலைவனம் தாண்டி, ஜோர்டானில் கூடாரத்தில் கிடந்து, பம்பாய்க்கு விமானத்தில் ஏற்றி விட்டார்கள். குல்ஷனும் பிள்ளையும் ஆம்பூரிலேயே தங்கிவிட்டதால் நானும் இப்போது மாமியார் வீட்டில் இருக்கிறேன். தோல் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறேன்.

அந்தக் கூடாரத்தில் ஒரு சங்கதி கேள்விப்பட்டேன். நாட்டை விட்டு ஓடிய குவைத்திகளுக்கு, அந்தத் தனியாக வைத்த பணத்திலிருந்துதான் சோறாம். நாடே பறிபோனவனுக்கு அவன் எடுத்து வைத்தது தட்டில் வந்து விழுகிறது. ரொட்டி வரிசையில் நின்றுகொண்டு நான் நம் ஊரை நினைத்தேன். நமக்கும் ஒன்று இருக்கிறது என்று நினைத்தேன்.

போன வாரம் என் பழைய லாரி சிநேகிதன் தனக்கோடி தோல் ஏற்ற வந்தான். இப்போது அவன் குடியிருப்பது நம் ஊரில்தானாம். பங்கு மொத்தமும் தீர்ந்தது என்றான். முதலில் கை வைத்தது யார் என்றேன். "மேஸ்திரிதான்னு சொல்லிக்கிறாங்கோ. இன்னாத்துக்குன்னு எனக்குத் தெரியாது" என்றான்.

நீயா? நிழல் லாரியில் ஏறிப் போகிறது என்று சொன்ன வாயா? அபு சாலிமிடம் உன்னைப் பற்றிப் பெருமை பேசினேனே.

என் வீட்டுச் சாவியைத் தனக்கோடியிடமே கொடுத்துவிடு. நான் அந்தப் பக்கம் வர மாட்டேன். இனி எழுதவும் மாட்டேன்.

காஜா


மொட்டப்பாற
18-8-1996

காஜா மச்சானுக்கு,

இது ஜெயவேலு. நானே எழுதறேன். அறிவொளி கிளாஸ்ல நாப்பத்தெட்டு வயசுல அ ஆ கத்துக்கினேன். ஞானம்மா டீச்சர்தான் கத்துக் குடுத்தாங்கோ. இந்தக் கடுதாசி எழுத நாலு நாள் ஆச்சு. நான் எழுதித் தரேன்னு டீச்சர் சொன்னாங்கோ. அவங்கோ எழுதினா அழகா வந்துடும். இது அழகா வரக் கூடாது, வேணாம்னுட்டேன்.

ஆனி மாசம் பல்லாவரம் சந்தைல குல்ஷன் தங்கச்சியப் பாத்தேன். ஏதோ கல்யாணத்துக்கு வந்துதாம். கூட ஜஹீரா. இன்னா வளத்தி மச்சான்! உன் மூக்கு அப்டியே கீது. இரும்புக் கடைல ஒரு பழைய சம்மட்டிய ரெண்டு கையால தூக்கிப் பாத்துகினு, "இது இன்னா மாமா, இவ்ளோ கனமா கீது?"ன்னு கேக்குது. அந்தக் கடைக்காரன் அந்த சம்மட்டிக்கு இன்னா வெல சொன்னான் தெரியுமா, அத்த வுடு. எங்க வுட்டேன்? தங்கச்சி சொல்லுச்சு. "உங்க பேர எடுத்தா இன்னிக்கும் எழுந்து போயிடறாரு. போதும்ணா. சொல்லிடுங்க."

சொல்றேன்.

மொதல்ல எடுத்தது ஜஹீராவுக்கு.

எம்பத்தஞ்சு மாசி. தங்கச்சிக்கு மூணு நாளா வலி. புள்ள குறுக்கால கெடந்துது. ஒடனே ஆபரேசன் பண்ணணும், மொதல்ல துட்டக் கட்டுன்னாங்கோ. உனக்கு சம்பளம் வரலன்னு நீ எனக்கு மட்டும் எழுதினே. அஞ்சம்மா கம்மல் அதுக்கு முன்னியே அடகுல கீது. நான் சம்பத்தையும் அரிகிருஷ்ணனையும் இட்டுகினு நேரா பேங்குக்குப் போனேன். சம்பத்து பேனாவப் புடிச்சிகினு, "ஊர் துட்டு மேஸ்திரி. இன்னான்னு சொல்லி எடுக்கறது?"ன்னாரு.

அப்பதான் அது என் வாயில வந்துச்சு மச்சான். "பொறக்காதவங்க பங்குதானே? அந்தப் புள்ள இன்னும் பொறக்கல இல்ல? அது பங்க அது எடுத்துக்குது"ன்னேன். சம்பத்து சிரிச்சிட்டாரு. "கரீட்டுதான்யா"ன்னு கையெழுத்து போட்டாரு. வெளில வந்து டீக் கடைல அத்த ஒரு ஜோக்கா சொன்னாரு. ஊரு அத்த ஜோக்கா எடுத்துக்கல. சட்டமா எடுத்துகினுச்சு.

"கடனா குடுங்க, நான் கட்டறேன்"னு சொல்லி இருந்தா முடிஞ்சுது. ஊரு குடுத்திருக்கும். கட்ட முடியுமான்னு எனக்குப் பயம். பங்குன்னு சொன்னா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்கோன்னு ஒரு கள்ளத்தனம். அவ்ளோதான். புள்ளைக்கு எடுத்ததுக்கு நான் வருத்தப்படல. இன்னிக்கு அதே நாள் திரும்பி வந்தாலும் எடுப்பேன். அந்த வார்த்தய சொல்ல மாட்டேன்.

தங்கச்சி மேல கோவப்படாத. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். உனக்கு சம்பளம் இல்லன்னு அதுக்குத் தெரியாது, ஆபரேசனுக்குத் துட்டு எங்கேந்து வந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் மூடின கதவு மாதிரி நின்னுகினு இருந்தேன். யாரு அதுன்னு நீ கேட்டப்ப, உன் பொண்ணுதான்னு எப்டிரா எழுதறது? நீ அத்த வெச்சிகினு தூங்குவியா? என்னத் திட்டிகினே தூங்கட்டும்னு வுட்டுட்டேன். அது ஒரு தப்பு. மொதத் தப்ப வுடப் பெருசு.

இங்க பாற இல்ல மச்சான். தரைக்குக் கீழயும் நோண்டி எடுத்துட்டாங்கோ. இப்ப பெரிய பள்ளம். நெழல் எதுவரிக்கும் போவுதுன்னு பாக்க ஒண்ணும் இல்ல. நம்ம பாற இப்ப ராஜகீழ்ப்பாக்கத்துல மொட்ட மாடியா கீது, அதுமேல யாரோ துணி காயப் போடறாங்கோ. பள்ளிக்கூடத்துக் கடைக்கால்ல ஆடு படுத்துகினு கீது. உன் வூட்டு சாவிய தனக்கோடி கைல நான் குடுக்கல. இன்னான்னாலும் அது உன் சாவி. ஜன்னல இன்னும் தொறந்துதான் வைக்கிறோம்.

பள்ளத்துல தண்ணி ஊறி நெறைஞ்சிட்சு. போன வருசத்துலேந்து டேங்கர் லாரி வந்து மொண்டுகினு போவுது. பாறைய வித்தோம், இப்ப பாற இருந்த எடத்த விக்கிறோம். நான் போய் வழில நின்னுட்டேன். லோடுக்கு மகமை வெச்சிட்டுப் போ, ஒரு நாளைக்குப் பத்து வண்டிக்கு மேல மொள்ளாதன்னேன். டிரைவருங்கோ, "பெரிசு, நீ யாரு கவர்மெண்டா?"ன்னு கேக்கறானுங்கோ. அங்காளம்மா அக்கா வந்து என் பக்கத்துல ஒக்காந்துகிச்சு. அது ஒரு அதட்டு அதட்டினா வண்டி தானா நிக்குது. பாற மொளைக்கல, தண்ணி மழ பேஞ்சா ஊறும். அளவா எடுத்தா இது நிக்கும்.

அந்த மகமைக்கு டப்பா ஒண்ணு வாங்கி வெச்சிகீறேன். மேல பேர் எழுதணும். எனக்குத்தான் இப்ப எழுத வருதே. பெயிண்ட வாங்கி வெச்சிகினு ஒரு வாரமா ஒக்காந்துகினு கீறேன். பொறக்காதவங்கன்னு போட மாட்டேன். பங்குன்னும் போட மாட்டேன். நீ அப்ப அரபில ஒண்ணு எழுதினே, வந்துகினே இருக்கறவங்கன்னு. நம்ம பாசைல அத்த எப்டி சொன்னா எவனும் கை நீட்ட மாட்டான்? எனக்குத் தெரியல.

நீ வர வேணாம். என்ன மன்னிக்கவும் வேணாம். ஒரு கார்டுல அந்த வார்த்த மட்டும் எழுது. அதுவரிக்கும் டப்பா மொட்டையாவே இருக்கட்டும்.

ஜெயவேலு
(கைநாட்டு இல்ல, கையெழுத்து)